நின்றபடி வந்த பீரோ

தங்கச்சி ருக்குமணி போனில் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். அதைக் கேட்ட ராத்திரி பூபதிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கோழி அடித்திருந்ததால் கோழி மட்டும் இறங்கியது.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பூங்குழலி கல்யாணத்துக்கும் சீர் ஏத்தியார முரளி வண்டிக்கே சொல்லிரட்டுங்களா?"

பூபதி கொல்லிமலையில், சோளக்காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறவன். பலாப்பழம், அன்னாசி, மரவள்ளிக்கிழங்கு, மிளகு மூட்டை என்று மலையில் விளைவதையெல்லாம் கீழே இறக்குவதுதான் தொழில். அப்படிப்பட்டவனிடம் போய், உன் வீட்டுச் சீருக்கு இன்னொருத்தன் வண்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று கூடப்பிறந்தவளே கேட்கிறாள். சவரத் தொழிலாளிக்கு வேறு ஒருவரிடம் முடிவெட்டிக்கொள்ளச் சொல்லிக் காசு கொடுத்தனுப்புவது போலத்தான் இது.

ருக்குமணியையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் வாழ்க்கைப்பட்டது அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில். மூத்த மகள் யமுனாவின் கல்யாணத்தில் நடந்தது அவளுக்கு மட்டுமல்ல, அந்த வட்டாரத்துக்கே மறக்கவில்லை. மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டவன், சோளக்காட்டில் இன்னொரு பிக்கப் ஓட்டும் முரளி.

பூபதியின் பங்காளிகளிடையே தாய்மாமன் சீருக்குச் சில கட்டுத்திட்டங்கள் உண்டு. சீர் மாமன் வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட வேண்டும். அதனால் பேளுக்குறிச்சிக் கடையில் வாங்கிய இரும்புப் பீரோவை, பேளுக்குறிச்சி மண்டபத்தில் சேர்ப்பதற்காக, முதலில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி மலைக்குக் கொண்டுவருவார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து மறுபடி எழுபது வளைவும் இறக்குவார்கள். ஏன் என்று கேட்கிறவனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. மலை ஏறும்போது அது வெறும் சாமான். படுக்கப்போட்டுக் கயிறு கட்டலாம். குங்குமம் வைத்துவிட்டால் அது சீர். சீர் படுக்கக் கூடாது. படுத்துக்கொண்டு போவது வேறு ஊர்வலம். ஆளைவிட உயரமான பீரோ, கண்ணாடி முன்பக்கம் பார்க்க, நின்றுகொண்டே போக வேண்டும். அதன் எதிரில் ஓர் ஆண்பிள்ளை நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கக் கூப்பிட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அது பெண்ணுக்குச் சாபம்.

யமுனா கல்யாணத்தன்று, மலையை விட்டு இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு வளைவில் பூபதியின் வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. கூடவே பீரோவும் சாய்ந்தது. ஒரு கயிறு அறுந்தது. பீரோவைப் பிடித்திருந்த பூபதியின் மச்சான் குலதெய்வத்தின் முழுப் பெயரையும் சொல்லி அலறினார். பின்னாலேயே காலி வண்டியில் வந்த முரளி, முதலில் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். அதற்கப்புறம்தான் இறங்கி உதவி செய்தான். உண்மையிலேயே உதவிதான் செய்தான். பூபதியால் மன்னிக்க முடியாததும் அதுதான்.

சீர் முரளியின் புது வண்டிக்கு மாறியது. பீரோவைப் பிடிக்க மச்சானே மறுபடி நின்றார். பூபதிக்குக் கிடைத்தது பின்னால், சாமான்களுக்கு நடுவில், கிரைண்டரைக் கட்டிப்பிடித்து உட்காரும் இடம். மண்டபத்தில் இறங்கியதும் முரளி ஊர் கேட்கச் சொன்னான்: "சீரையும் எறக்கிட்டேன், சீர் கொண்டாந்த மாமனையும் எறக்கிட்டேனுங்க. மாமனுக்கு வாடகை வாங்கலீங்க, லக்கேஜ்தானுங்களே!"

சிரித்தார்கள். பந்தியில் சிரித்தார்கள். வீடியோ முரளியின் ஸ்டேட்டஸில் ஏறியது. வண்டிக்குத் 'தலையாட்டி' என்று பெயர் விழுந்தது. சோளக்காட்டுச் சந்தைக்குள் பூபதி வண்டி நுழைந்தால், மிளகு நிறுத்துக்கொண்டிருப்பவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுத் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார்கள். பூபதி கூடவே சிரித்துவைத்தான். சிரிக்கும்போதெல்லாம் முரளியின் முகத்தை மனதுக்குள் ஒரு முறை சாணியில் முக்கி எடுத்தான்.

இப்போது போனில் அவன் தங்கச்சியிடம் சொன்னான்: "சீர் என்ற வண்டியிலதான் வரும் கண்ணு. பீரோ நின்னுட்டுத்தான் வரும். முரளியும் வருவான்."

"அப்பாடா, அவிய வண்டியும் கூட வருதுங்களா?"

"வண்டி வராது. ஆளு வருவான்."

மறுநாள் காலையில் பேளுக்குறிச்சியில் நசீர் அகமதின் பட்டறையில் நின்றான். நசீர் வண்டிக்கு அடியில் படுத்து எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்தவர் போல வெளியே வந்தார்.

"ஸ்பிரிங் பட்டைக்கு மேல பட்டையா அடுக்கி வச்சிருக்கே, யாருய்யா சொன்னது?"

"எல்லாரும் சொன்னாங்க பாய். லோடுக்குப் பட்டை சேத்தா ஆட்டம் நிக்கும்னு."

"பட்டை சேத்தா குதிக்கிறது மாறும், பாரம் தாங்கும். வளைவுல படுக்காம இருக்கறதுக்கு அது மட்டும் பத்தாது. அதுக்கு ஸ்டெபிலைசர் கம்பி வேணும். முன்னாடி ஒண்ணு இருந்திருக்கணுமே, எங்க?"

"வாங்கறப்பவே இல்லீங்க."

"சத்தம் போடுதுன்னு பழைய ஓனர் கழட்டிப் போட்டிருப்பான். அது போடறது ரப்பர் புஷ்சு தேஞ்ச சத்தம். புஷ்சை மாத்தச் சோம்பப்பட்டுக் கம்பியவே கழட்டறது. தலைவலிக்குத் தலைய எடுக்கற வைத்தியம்."

பிறகு நசீர் விளக்கினார். வளைந்த இரும்புக் கம்பி ஒன்று. இந்தப் பக்கச் சக்கரத்தையும் அந்தப் பக்கச் சக்கரத்தையும் கோத்துவிடும். வண்டி வளைவில் ஒரு பக்கம் அமுங்கப் பார்த்தால், கம்பி முறுக்கிக்கொண்டு மறு பக்கத்தையும் கூடவே இழுக்கும். "மாமியா மருமக ரெண்டு பேரு முந்தானையையும் சேத்து முடிஞ்சுவிட்ட மாதிரி. ஒருத்தி தனியா எந்திரிக்க முடியாது."

"அப்ப பின்னாடி ஒண்ணு போடுங்க பாய்."

"முதல்ல முன்னாடி போடணும். அப்பறம்தான் பின்னாடி."

"முன்னாடி போட்டா யாரு கண்ணுக்குத் தெரியும்?"

நசீர் புரியாமல் பார்த்தார். பூபதிக்கு அது தெளிவாகவே இருந்தது. முரளி எப்போதும் பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறவன். பின்னால் வருகிறவன் கண்ணில் படுவது பின்பக்கக் கம்பிதான். அதையும் குங்குமச் சிவப்பில் பெயிண்ட் அடித்துவிட்டால், ஒவ்வொரு வளைவிலும் அவன் கண்ணைக் குத்தும். பூபதி வாங்க வந்தது வண்டிக்கான பாகம் இல்லை, முரளிக்கான பதில்.

"வேண்டாய்யா. பின்னாடி மட்டும் இறுக்கினா வாலு தனியா ஓடும்."

"ஓடட்டும் பாய்."

நசீர் தலையில் அடித்துக்கொண்டு, நாமக்கல்லில் உடைத்த வண்டி ஒன்றிலிருந்து கம்பியைத் தேடி வரவழைத்து மாட்டினார். பூபதி அதற்கு இரண்டு கோட்டிங் சிவப்பு அடித்தான். நன்றாகக் காயட்டும் என்று வெயிலில் நிறுத்திவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குனிந்து பார்க்கச் சொன்னான்.

அடுத்த வாரம் சாரல் மழையில், காலி வண்டியாக மலை இறங்கும்போது, ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் பூபதியைக் கேட்காமலே சறுக்கித் திரும்பியது. வண்டி வந்த திசையையே பார்த்துக்கொண்டு, பின் சக்கரம் சாக்கடையில் இறங்க நின்றது. வெறும் சாக்கடைதான், அந்தப் பக்கமாக இருந்திருந்தால் பள்ளம். சிவப்புக் கம்பி எல்லார் கண்ணுக்கும் மிக நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் வண்டியின் பின்பாகம் மலை ஏறிவருகிறவர்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஏறிவந்த பஸ்ஸின் ஜன்னல்கள் முழுக்கத் தலைகள். நல்லவேளை, அதில் முரளி இல்லை. இருந்திருந்தால் பூபதி பள்ளத்தையே தேர்ந்தெடுத்திருப்பான்.

பூபதி மறுபடி நசீரின் பட்டறைக்குப் போனான். முன்பக்கக் கம்பி ஏற்கெனவே சுவரில் சாய்ந்து நின்றது.

"இது எப்ப வந்துச்சு பாய்?"

"அதோட சேத்து அன்னிக்கே வாங்கி வச்சிட்டேன். நீ வருவேன்னு தெரியும். நடந்து வருவியா வண்டியில வருவியாங்கறதுதான் தெரியல." புது ரப்பர் புஷ் வைத்து முன்பக்கத்தை மாட்டி, பின்னால் ஏறியிருந்த அதிகப்படிப் பட்டையில் ஒன்றை உருவினார். "ஒண்ணு கேட்டுக்க. கம்பி போட்டாச்சுன்னு வேகமாப் போகாத, பாரமும் ஏத்தாத. முன்னெல்லாம் வண்டி சாஞ்சு, ஜாக்கிரதைடான்னு உனக்குச் சொல்லிட்டிருந்துச்சு. இனிமே சொல்லாது. நீயாத்தான் தெரிஞ்சுக்கணும்."

வெள்ளோட்டத்துக்கு ஒரு பீரோ தேவைப்பட்டது. வீட்டில் ஒன்று இருந்தது. அது அவன் மனைவிக்கு அவளுடைய மாமன் கொடுத்தது.

"ஏனுங்க, என்ற பீரோவ எங்க ஏத்தறீங்க?"

"காத்தாட ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

"என்னைய ஒரு நாளு கூட்டிட்டுப் போனதில்ல. அதுல ஒரு கீறல் உழுந்துச்சு, பொறவு நீங்க உக்காரச் சேரு இருக்காது, பாத்துக்கங்க."

மனைவியின் பீரோ மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் நின்றபடி இறங்கி, நின்றபடி ஏறிவந்தது. வளைவுகளில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பூபதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, முரளி அதைப் பார்க்கவில்லையே என்று.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், சந்தை கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து, பூபதி வெள்ளை வேட்டி கட்டி, தாம்பூலத் தட்டோடு சோளக்காட்டில் போய் நின்றான். முரளி டீக்கடைப் பெஞ்சில் நாலு பேரோடு இருந்தான். வழக்கம்போல நாலு தலைகளும் ஆடின.

"முரளி, தம்பி, எந்திரிச்சு வாங்கிக்கப்பா. என்ற மருமக பூங்குழலிக்குக் கல்யாணம்."

"வாங்கண்ணா, வாங்க! வண்டி எப்ப வேணும், சொல்லுங்க. மாமனுக்கு இந்தத் தடவ மெத்தை போட்டு வெக்கறேன்." பெஞ்சு சிரித்தது.

"வண்டி என்றதுதான். மூத்தவளுக்கு நீதான் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்தே. உன்ற கை ராசியான கை. பீரோவப் புடிச்சுட்டு வர நீதான் வரோணும் சாமி."

முரளி தட்டைப் பார்த்தான், சுற்றி நிற்பவர்களைப் பார்த்தான், தூரத்தில் நின்ற தலையாட்டியைப் பார்த்தான்.

"உங்க வண்டியிலயாண்ணா?"

"என்ற வண்டியிலதான்."

"பின்னாடி நின்னுட்டா?"

"உக்காந்துட்டுப் பீரோவப் புடிச்சா மரியாதையா இருக்காதே."

மிளகு வாங்க வந்த பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்: "சீர் புடிக்கக் கூப்பிட்டா யோசிக்கப்படாதுப்பா, பொண்ணுக்கு ஆகாது."

"யோசிக்கலீங்க, இன்சூரன்ஸ் இருக்குதான்னு பாத்தேன்" என்றான் முரளி. ஆனால் இந்த முறை பெஞ்சு அவனைப் பார்த்துச் சிரித்தது. தட்டை வாங்கிக்கொண்டான். தட்டு கைமாறிய அந்த நொடியில் பூபதிக்குத் தோன்றியது, மனிதனுக்குத் தாலி கட்டும்போதுகூட இவ்வளவு நிம்மதி வராது.

சீர் நாளில் வாசல் முழுக்க ஒறம்பரை, சொந்தபந்தம். வண்டியின் முன்கண்ணாடியில் 'பூங்குழலியின் தாய்மாமன் பூபதி' என்று சிவப்பு ஸ்டிக்கர். எழுத்து எவ்வளவு பெரிது என்றால், பூபதி அதன் சந்துகளுக்கு நடுவில் ரோட்டைத் தேடித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. பின்னால் கட்டில், மெத்தை, கிரைண்டர், நடுவில் நின்றகோலத்தில் பீரோ. கேபினுக்கும் பீரோவுக்கும் இடையில் முரளி. கண்ணாடியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பதால், முதுகு ரோட்டுக்கும் முகம் பீரோவுக்கும்.

இதில் பூபதி எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தால், கேபினின் பின் ஜன்னல் வழியாக, பீரோக் கண்ணாடியில் முரளியின் முகம் அப்படியே தெரிந்தது. எழுபது வளைவுக்கும் எதிரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகும் பாக்கியம் எந்த ராஜாவுக்குக் கிடைத்தது?

முதல் வளைவில் முரளி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பீரோவைக் கட்டிப்பிடித்தான். வண்டி சாயவில்லை. இரண்டாவதில் ஒரு கண்ணைத் திறந்தான். அடுத்ததில் இரண்டையும். கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோள் தளர்ந்தது. ஒரு வளைவில், பூபதி தன் கண்ணையே நம்பவில்லை, முரளி கண்ணாடியில் பார்த்து மீசையை நீவிக்கொண்டான்.

பூபதிக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் அவன் திட்டத்தில் இருந்த ஓட்டை அவனுக்கே புரிந்தது. வண்டி ஆடாமல் போனால்தான் மானம் நிற்கும். வண்டி ஆடினால்தான் முரளி நடுங்குவான். கம்பி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, எதிரிக்கு அவ்வளவு சொகுசு. நாமக்கல்லிலிருந்து வரவழைத்து, பெயிண்ட் அடித்து, சாக்கடையில் விழுந்து எழுந்து, அவன் இவ்வளவும் செய்தது முரளி மீசை நீவிக்கொள்வதற்கா? ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வெடுக்கென்று திருப்பலாமா என்று கை துறுதுறுத்தது. பீரோவில் பூங்குழலியின் பட்டுப்புடவை இருந்தது. கை அடங்கியது.

பாதி மலை இறங்கியபோது பின்னாலிருந்து ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. பூபதி நிமிர்ந்து பார்த்தான். பீரோக் கண்ணாடியில் இருந்த முகம் மஞ்சள் பூத்திருந்தது.

முரளி பதினெட்டு வயதிலிருந்து ஸ்டீயரிங் பிடித்தவன். இன்னொருத்தன் ஓட்டி, தான் முதுகு காட்டி நின்று, வளைவுகள் கண்ணாடிக்குள் இடம் வலமாகப் புரண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே மலை இறங்கியதில்லை. வண்டி ஆடவில்லை, உலகம் ஆடியது.

"அண்ணா... கொஞ்சம் ஓரங்கட்டுங்கண்ணா."

"சீர் வண்டி வழியில நிக்கப்படாதுப்பா, சாத்திரம்." அந்தச் சாத்திரம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது.

"கண்ணாடியப் பாத்தா ஒரு மாதிரி வருதுங்கண்ணா."

"கண்ண மூடிக்க."

"மூடுனா ரெண்டு மாதிரி வருதுங்."

அடுத்த வளைவில் மேலே ஏறி வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டுப் பூபதி வண்டியை நிறுத்தினான். முரளி மூச்சு வாங்கினான். "இப்ப நின்னீங்களேண்ணா?"

"ஏறுற வண்டிக்கு எறங்குறவன் வழிவிடோணும். அது ரோட்டுச் சாத்திரம். அது வேற." பஸ் ஏறி முடித்ததும் கிளம்பிவிட்டான்.

காரவள்ளி வந்து ரோடு சமமானபோது முரளி சன்னமாகக் கெஞ்சினான்: "இங்கியே எறக்கி விட்டுருங்கண்ணா. மண்டபத்துல கேமரா இருக்கும்."

பூபதிக்கு மனசின் ஒரு மூலை இளகத்தான் செய்தது. அந்த மூலைக்குக் கிரைண்டரை ஞாபகப்படுத்தினான். "கேமரா இருக்கும். நாந்தான் நல்ல ஆளாப் பாத்துச் சொல்லியிருக்கேன்" என்று கியரை மாற்றினான்.

மண்டப வாசலில் மேளம் முழங்கியது. வீடியோக்காரன் யுவராஜ் எதிரே ஓடிவந்தான். தெருவே திரும்பிப் பார்க்க, பீரோ நின்றபடி வந்து சேர்ந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூபதி நெஞ்சை நிமிர்த்திக் கதவைத் திறக்கப் போனான்.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, வெளியூரிலிருந்து வந்தவள், யாரையும் அறியாதவள், ஆரத்தித் தட்டோடு அவனைத் தாண்டி நேராகப் பின்பக்கம் போனாள். "எழுபது வளைவும் நின்னுட்டே புடிச்சுட்டு வந்திருக்காரு பாருங்க மாமன்! இந்தக் காலத்துல யாரு இப்படி வருவாங்க? வாங்க, மாமனுக்கு ஆரத்தி எடுங்க." பிறகு கேபினைத் திரும்பிப் பார்த்து, "டிரைவரே, எறங்கறதுக்கு முன்னாடி வண்டிய ஓரமா ஒதுக்குங்க" என்றாள்.

பூபதி ஸ்டிக்கருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு பெரிய எழுத்தை உள்ளேயிருந்து படித்தால் இடம் வலம் மாறித்தான் தெரியும் போலிருக்கிறது. கேமரா முரளியின் முகத்துக்குப் போயிருந்தது. முரளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். 'மாமன் நானில்லைங்க' என்று சொல்ல வந்தானா, இன்னொரு நக்கல் விட வந்தானா, யாருக்கும் தெரியாது. கற்பூரப் புகையும் மஞ்சள் தண்ணீரின் வாடையும் மூக்கில் ஏற, வந்தது வார்த்தை இல்லை.

பக்கத் தட்டிக்கு வெளியே தலையை நீட்டி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். கூட்டம் சிதறியது. அப்புறம் சிரித்தது.

பூபதி இறங்கிப் பின்பக்கம் வந்து பார்த்தான். பழி ருசியாகத்தான் இருந்தது. பொய் சொல்லிப் பயனில்லை. நாக்கில் வைத்து இன்னும் கொஞ்ச நேரம் சப்பியிருப்பான். ஆனால் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. முரளி அந்த நிலைமையிலும் ஒரு கையால் பீரோவைப் பிடித்திருந்தான். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"தூ" என்று தன்னையே துப்பிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்துத் தாவி ஏறினான் பூபதி. ஒரு கையால் முரளியின் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"பீரோவ உடு."

"உட்டா உழுந்துருமுங்கண்ணா."

"என்ற வண்டியில உழாது. உடு."

முரளி விட்டான். பீரோ நின்றது.

"வண்டி ஆடவே இல்லீங்கண்ணா," முரளி மூச்சுக்கு நடுவில் முனகினான். "சத்தியமா ஆடல. பொறவு எனக்கு ஏனுங்க இப்பிடி?"

"வாய மூடு. இல்ல, தெற. நல்லா எடுத்துரு சாமி."

ருக்குமணி பெரியம்மாவின் காதில் கத்தினாள்: "அவுருதானுங்க எங்கண்ணன்! மாமன் அவுருதான்!" தட்டோடு நின்ற பெரியம்மாவுக்கு யாருக்குச் சுற்றுவது என்று குழப்பம். நெற்றியைப் பிடித்தவனும் நகரவில்லை, பிடிக்கப்பட்டவனும் நகரவில்லை. கற்பூரம் அணைவதற்குள் இரண்டு பேரையும் சேர்த்தே சுற்றி, இரண்டு முகத்திலும் எட்டிய இடத்தில் பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

யுவராஜ் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "அண்ணா, இந்த எடத்தக் கட் பண்ணிரட்டுங்களா?"

முரளி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவன் நெற்றி பூபதியின் உள்ளங்கையில் சில்லென்று வேர்த்திருந்தது. பூபதி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் வாயைத் துடைத்துவிட்டான்.

"கட் பண்ணாத," என்றான். "கிட்ட வந்து எடு."

பிறகு, கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி, முரளியின் முகத்தை வலிக்காமல், மெதுவாகத் திருப்பிவிட்டான்.